வீடு மாறினாலும் பழைய வரிதான்! கலிஃபோர்னியாவின் ‘புரொபோசிஷன் 19’ சொல்வது என்ன?

மாடிப்படி ஏற முடியவில்லை. தரைத்தள வீட்டுக்கு மாறியே ஆக வேண்டும். ஆனால், மாறினால் சொத்து வரி பல மடங்கு எகிறும் என்றால்? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மாற்றுத்திறனாளிகள் பலருக்கு இருந்த இந்தச் சிக்கலுக்கு, 2020 நவம்பரில் மக்களே ஓட்டுப் போட்டு ஒரு தீர்வைக் கொண்டுவந்தார்கள்.

வீடு மாறினால் வரி ஏன் கூடுகிறது?

1978-இல் வந்த ‘புரொபோசிஷன் 13’தான் காரணம். அதன்படி, வீடு வாங்கிய விலையில் அடிப்படை வரி 1%. சந்தை விலை எவ்வளவு ஏறினாலும், வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2%-க்கு மேல் ஏறாது. புது வீடு வாங்கினால் கணக்கு இன்றைய விலையிலிருந்து தொடங்கும்.

உதாரணமாக, வரிக் கணக்கில் 2 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு அடிப்படை வரி 2,000 டாலர். அதை 8 லட்சத்துக்கு விற்று, அதே விலையில் வேறு வீடு வாங்கினால் 8,000 டாலர்!

புதிய சட்டத்தில் என்ன சலுகை?

பழைய மதிப்பைப் புது வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம். அதாவது, அதே 2,000 டாலர்தான். முன்பும் இந்தச் சலுகை உண்டு. ஆனால், வேறு மாவட்டத்துக்குப் போனால் அந்த மாவட்டம் சம்மதிக்க வேண்டும். புது வீட்டின் விலையும் கூடக் கூடாது. 2021 ஏப்ரல் 1 முதல் மாநிலத்தில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், மூன்று முறை வரை மாறலாம். விலை கூடினால், கூடுதல் தொகை மட்டும் பழைய மதிப்போடு சேரும்.

யாருக்குக் கிடைக்கும்?

தீவிர உடல் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகள் (வயது வரம்பு இல்லை, மருத்துவர் சான்று தேவை), 55 வயதைக் கடந்தவர்கள், காட்டுத்தீ போன்ற பேரிடரில் வீட்டை இழந்தவர்கள். பழைய வீட்டை விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் புது வீட்டை வாங்கி, அதிலேயே குடியிருக்க வேண்டும்.

அப்புறம் ஏன் எதிர்ப்பு?

சலுகையோடு ஒரு கெடுபிடியும் சேர்ந்தே வந்தது. பெற்றோரின் வீடு பிள்ளைக்கு வந்தால், பிள்ளை அதில் குடியிருந்தால்தான் பழைய வரி. அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. வாடகைக்கு விட்டால், இன்றைய விலைக்கு வரி கட்ட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. ‘இது வேண்டும், அது வேண்டாம்’ என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆதரவு சுமார் 51%, மயிரிழையில்தான் ஜெயித்தது.

ஒன்றைக் கவனிக்கணும்: இந்தச் சலுகை சொந்த வீடு உள்ளவர்களுக்கு மட்டும்தான். வாடகை வீட்டில் வாழும் மாற்றுத்திறனாளிக்கு இதில் எதுவும் இல்லை.