டயாலிசிஸ் அன்பர்கள் நேரில் கூடும்போது

வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே பழகிய டயாலிசிஸ் நோயாளிகள் நேரில் சந்திப்பது மனத்திற்குத் தெம்பளிக்கும். ஏற்பாடு செய்வோர் பின்வருவனவற்றைக் கவனத்தில் கொள்வது நலம்.

நாள்: வாரம் 3 முறை சிகிச்சை பெறுவோருக்குப் பெரும்பாலும் ஞாயிறு ஓய்வு நாள். ஆயினும், சிகிச்சைகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விழுவதும் அப்போதுதான். உடலில் நீரும் பொட்டாசியமும் தேங்கும் நேரம் அது.

உணவு: ஆகவே இளநீர், வாழைப்பழம், பழச்சாறு, ஊறுகாய் ஆகியவற்றைத் தவிர்க்கவும். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு சீர்குலையும். இட்லி போன்ற எளிய உணவு போதும். குடிநீரைச் சிறு குவளையில் அளிக்கவும். அன்பின் மிகுதியால் எதையும் வற்புறுத்த வேண்டா.

இடம்: விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே நெடுஞ்சாலையில் உள்ள விக்கிரவாண்டி இரு ஊராருக்கும் வசதி. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அண்மையில் உள்ளது. படியேறத் தேவையில்லாத தரைத்தள அறையைத் தேர்ந்தெடுக்கவும்.

ஒழுங்கு: காய்ச்சல், இருமல் உள்ளோர் வருவதைத் தவிர்க்கவும். ஒப்புதலின்றி எவரையும் படமெடுத்துப் பகிரலாகாது.

ஒருவருக்குப் பயன்பட்ட மருந்து மற்றவருக்குத் தீங்காகலாம். கூட்டத்தில் கேட்டறிந்த மருத்துவக் குறிப்பு எதுவாயினும், தங்கள் மருத்துவரிடம் கலந்த பின்னரே பின்பற்றுக.