உவர் நிலமும் பயிரின் வேரும்

நறுக்கிய மாங்காயில் உப்பிட்டால் நீர் விடுவதை யாவரும் அறிவர். உவர் நிலத்தில் வேருக்கு நேர்வதும் அதுவே. வேரின் உயிரணுக்களைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு ஜலத்தை எளிதில் விடும். உப்பை அங்ஙனம் விடாது. கரைந்த பொருள் குறைந்த பக்கத்தினின்று மிகுந்த பக்கத்திற்கே ஜலம் செல்லும். நன்னிலத்தில் வேரின் சாறே செறிவு மிக்கதாதலால் ஜலம் உட்புகும்; மண்ணில் உவர் மிகின் உள்ளிருப்பதும் வெளியேறி, வயலில் ஜலம் நின்றும் பயிர் வாடும். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலையால் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் ஜில்லா வயல்களில் இங்ஙனமே பயிர் கருகிற்று; கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புண்டு.

ஆகவே வரப்பை உயர்த்தி மழை ஜலத்தைத் தேக்கி, உப்புக் கரைந்தபின் வடித்துவிடுக. வடிக்காவிடில் ஜலம் ஆவியாகி உப்பே எஞ்சும். வடிகாலைத் தூர் எடுப்பிப்பதில் கிராம அதிகாரிகள் சிரத்தை கொள்ளவேண்டும்.