எந்த மெஷினில் எடுத்த மூளைப் படம்?

 

ஒரே ஆளைக் காலையில் ஒரு எம்ஆர்ஐ மெஷினிலும், மாலையில் வேறு கம்பெனி மெஷினிலும் படுக்கவைத்து மூளையைப் படம் எடுத்தால் இரண்டு படத்திலும் அளவுகள் ஒத்துவராது. ஒரு பகலில் மூளை அவ்வளவு மாறிவிடாது என்பது நமக்குத் தெரியும். அப்படியானால் அந்த வித்தியாசம் மெஷினுடையது.

சிடி ஸ்கேனுக்குப் பொதுவான அளவுகோல் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000. எந்த ஊர் மெஷினும் அதற்குக் கட்டுப்பட்டது. வழக்கமான எம்ஆர்ஐ படத்துக்கு அப்படி ஓர் அலகே கிடையாது. ஒரு புள்ளி எவ்வளவு வெளுப்பாகத் தெரியும் என்பது காந்தப்புலம் 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா, தலையில் மாட்டிய சிக்னல் சுருள் (காயில்) எது, டெக்னீஷியன் என்ன செட்டிங் வைத்தார் என்பதையெல்லாம் பொறுத்தது. படத்தின் ஓரங்கள் சற்று வளைந்தும் விழும். அதை ஒவ்வொரு மெஷினும் தன் வழியில் நிமிர்த்துகிறது. சாஃப்ட்வேரைப் புதுப்பித்தால்கூட அளவு நகர்ந்துவிடலாம்.

சிறு நகர்வுதானே என்று விட முடியாது. மூளையின் வெளியடுக்கான புறணியின் தடிமன் சராசரியாக 2.5 மில்லிமீட்டர்தான். ஒரு மனநோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே ஆய்வாளர்கள் தேடுவது அதில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னத்தை. மெஷின் உண்டாக்கும் பிழை அதை அப்படியே விழுங்கிவிடும்.

அப்புறம் ஏன் பல மெஷின் படங்களைச் சேர்க்கிறார்கள்? ஒரே ஆஸ்பத்திரியில் போதுமான ஆட்கள் கிடைப்பதில்லை. 2012-இல் வெளிவந்த ‘ஏபைட்’ என்ற ஆட்டிசம் தொகுப்பில் 17 இடங்களிலிருந்து 1,112 பேரின் படங்கள் சேர்ந்தன. அவர்களில் 539 பேர் ஆட்டிசம் உள்ளவர்கள். ஏற்கெனவே அவரவர் செட்டிங்கில் எடுத்துவைத்த படங்களைத்தான் ஒன்றுசேர்த்தார்கள். பிரிட்டனின் ‘யுகே பயோபேங்க்’ போல எல்லா மையத்திலும் ஒரே மாடல் மெஷினை வாங்கி வைக்க எத்தனை பேரிடம் பணம் இருக்கிறது?

ஆக, எடுத்த படத்தைச் சரிசெய்தாக வேண்டும். பரீட்சைப் பேப்பர் திருத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாத்தியார் எல்லோருக்கும் ஐந்து மார்க் குறைத்தே போடுவார். இன்னொருவர் நன்றாக எழுதியவனுக்கும் சுமாராக எழுதியவனுக்கும் பெரிய வித்தியாசம் காட்டமாட்டார். முன்னவர் சராசரியை நகர்த்துகிறார், பின்னவர் பரவலைச் சுருக்குகிறார். ‘காம்பேட்’ என்ற முறை ஒவ்வொரு மெஷினிலும் இந்த இரண்டையும் கணக்கிட்டு நீக்குகிறது. 2007-இல் இவான் ஜான்சனும் சகாக்களும் மரபணு ஆய்வுக்காக உருவாக்கியது இது. பத்தாண்டு கழித்து ஃபோர்ட்டான் குழுவினர் மூளைப் படங்களுக்குக் கொண்டுவந்தார்கள். பதினைந்து பேரை மட்டும் எடுத்த மையத்தின் கணக்கை இந்த முறை முழுதாக நம்பிவிடாது. அந்த மெஷின் மூளையின் மற்றப் பகுதிகளில் எப்படி நடந்துகொண்டது என்று பார்த்து, மிகையான எண்ணைப் பொதுப்போக்கை நோக்கி இழுத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வயது, பாலினம், நோய் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவற்றால் வந்த வித்தியாசத்தைத் தொடாமல் காக்கவும் பார்க்கும்.

ஆனால் ஒரு வாத்தியாரிடம் ஒரு பள்ளிக்கூடத்துப் பேப்பர் மட்டுமே போயிருந்தால்? மார்க் குறைந்ததற்குக் காரணம் வாத்தியாரா, பிள்ளைகளா? எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. நோயாளிகளை எல்லாம் ஒரு மெஷினிலும், நோயில்லாதவர்களை இன்னொன்றிலும் எடுத்த ஆய்வின் கதி அதுதான். இரு தரப்பும் சமமில்லாமல் கலந்திருந்தாலும் ஆபத்து உண்டு. குழு வித்தியாசத்தைக் காப்பாற்றச் சொல்லித் திருத்தினால், இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தோன்றிவிடலாம் என்று 2016-இல் நார்வே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் முதல் ஆளைப் படுக்கவைக்கும் முன்பே, ஒவ்வொரு மெஷினுக்கும் இரு தரப்பாரும் வர ஏற்பாடு செய்ய வேண்டும். இதில் தவறினால் பிறகு எந்த மென்பொருளும் உதவாது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆரோக்கியமான 9 பேரை 12 மையங்களுக்கு அனுப்பிப் படம் எடுத்தார்கள். ஆள் அதேதான் என்பதால் மெஷினின் பங்கு தனியே தெரிந்தது. மற்ற ஆட்களின் படங்களில் அதைக் கழித்த பிறகு மையங்களுக்கிடையே மிஞ்சிய வித்தியாசம், அங்கங்கே வந்த ஆட்கள் வேறுவேறு மாதிரி இருந்ததால் வந்தது. 2019-இல் வெளியான அந்த ஆய்வில், மூளைப் பகுதிகளுக்கிடையிலான தொடர்பை அளந்தபோது, இந்த இரண்டு வித்தியாசங்களும் மனநோய்களால் வரும் வித்தியாசத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தன.

மூளை ஸ்கேனைப் பார்த்தே கம்ப்யூட்டர் நோயைக் கண்டுபிடிக்கிறது என்ற செய்தியைப் படித்தால் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: கம்ப்யூட்டருக்குப் பயிற்சி தந்தபோது சேர்க்காத ஒரு மையத்தின் படங்களை மொத்தமாகக் கொடுத்துச் சோதித்தார்களா? அதைச் செய்யாவிட்டால், கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது நோயையா, மெஷினின் அடையாளத்தையா என்று சொல்ல வழியில்லை.