ஏலம் யார் கையில்?

அடி அண்ணாமலையிலிருந்து கடல் பார்க்கக் கிழக்கே புதுச்சேரி வரை போகவேண்டும், நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. மீன்பிடித் தொழில் என்றால் எங்கள் பக்கத்துக்குச் சாத்தனூர் அணைதான். சந்தையில் கடல்மீன் வாங்கும்போது ஐஸ் வைத்ததா, புதுசா என்று செவுளைத் தூக்கிப் பார்ப்போம். பிடித்தவருக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கு நம் ஊர்வரை வருவதில்லை. அந்தக் கணக்கு மாறிய கதையைக் குமரிக் கடற்கரையில்தான் தேடவேண்டும்.

1960களில் அங்கே கட்டுமரம் கரையேறினால், மீனுக்கு விலை சொன்னவர் அதைப் பிடித்தவர் அல்ல. வலை வாங்கவும் கல்யாணம் முடிக்கவும் கடலுக்குப் போகமுடியாத மாதங்களில் அடுப்பெரியவும் முன்பணம் கொடுத்த வியாபாரி இருப்பார். அவரோ அவருடைய ஆளோதான் ஏலம் விடுவார். கடன் தீரும்வரை இன்னொருவருக்கு மீனைக் காட்டக்கூடாது. கடன் தீர்வதில் வியாபாரிக்கும் அக்கறை இல்லை. மலிவாக வரும் மீன்தானே அவருக்கு வட்டி. மரத்துக்குள் அநியாயம் குறைவு. மரத்துக்கும் வலைக்கும் ஒரு பங்கு போனால் மிச்சம் ஆளுக்கு ஆள் சமம். துடுப்புப் போட்டவர்கள் அண்ணன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர். பங்கு நேர்மையாகத்தான் பிரிந்தது. பிரிக்கவேண்டிய பணம்தான் ஏலத்திலேயே சுருங்கிப்போயிருந்தது.

இந்த முடிச்சை முதலில் அவிழ்த்தது திருவனந்தபுரம் மாவட்டத்து மரியநாடு. 1960களின் இறுதியில் அவ்வூர் மீனவர்கள் சங்கமாகச் சேர்ந்து, கரையில் ஏலத்தைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். வியாபாரிகள் மீனை வாங்க மறுத்துப் பார்த்தார்கள், மிரட்டியும் பார்த்தார்கள். சங்கம் நின்றது. 1970களில் குமரி மாவட்டத்திலும் ஊர்ச் சங்கங்கள் முளைத்தன. 1980இல் இவையெல்லாம் சேர்ந்து தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆயிற்று. அமைப்பு எளிமையானது: ஊருக்கொரு சங்கம், அதற்கு மேல் மாவட்டக் கூட்டமைப்பு, எல்லாவற்றுக்கும் மேலே இது. கடலில் இறங்கித் தொழில் செய்பவருக்கே உறுப்பினர் இடம். வியாபாரிக்கும் தரகருக்கும் கிடையாது. ஏலம் விடுவது சங்கத்தின் ஆள். விற்ற தொகையில் ஒரு சிறு பகுதி சங்கச் செலவுக்கு, ஒரு பகுதி உறுப்பினர் பேரில் சேமிப்புக்கு, கடன் இருந்தால் அதற்கும் அங்கேயே பிடித்தம். மீன் குறைந்த நாளில் தவணையும் குறையும். வங்கிக்காரர்களுக்கு இது இன்றும் புரிவதில்லை என்பது என் எண்ணம்.

இன்று குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் போகும் படகே வேறு. கொச்சியிலிருந்து புறப்பட்டு லட்சத்தீவைத் தாண்டி வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பார்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு. மீன் கிடைக்காத பயணத்தில் கழிக்கவே பணம் போதாது. ஆளுக்குப் பேட்டா மிஞ்சினால் பெரிது. உழைப்பைப் பங்கு போட்ட அதே ஏற்பாடு இங்கே நட்டத்தையும் பங்கு போடுகிறது. படகுக்காரரும் சுகமாக இல்லை. துறைமுகத் தரகரிடம் முன்பணம் வாங்கியிருப்பார், மீனை அவர் மூலமாகத்தான் விற்கவேண்டும். அறுபது வருஷத்துக்கு முந்தைய கட்டுமரக் கதைதான், தொகை மட்டும் லட்சங்களில்.

மீன்பிடித் தொழிலாளருக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007இல் நிறைவேற்றிய 188ஆம் உடன்படிக்கை இருக்கிறது. எழுத்தில் வேலை ஒப்பந்தம் வேண்டும். மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகில் நாளுக்குப் பத்து மணி நேரமாவது ஓய்வு வேண்டும். படகில் யார் யார் போகிறார்கள் என்ற பட்டியல் கரையில் ஒருவரிடம் இருக்கவேண்டும். அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 16. சரியாக இரண்டு வாரத்தில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் அடித்தது. எத்தனை பேரைக் காணோம் என்பதில் அரசின் எண் ஒன்று, ஊர்களின் எண் வேறு. பங்குத் தந்தையரும் மீனவர் அமைப்புகளும் வீடு வீடாகப் போய்ப் பேர் எழுதினார்கள்.

தாய்லாந்து 2019இல் இந்த உடன்படிக்கையை ஏற்றது, ஆசியாவில் முதலாவதாக. அங்கே படகுகளில் கொத்தடிமைத்தனம் நடக்கிறது என்று உலகம் நெருக்கிய பிறகு. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மீனவர் நலவாரியம் இருக்கிறது. விபத்துக்கும் சாவுக்கும் உதவி உண்டு. உதவி வேறு, படகில் ஏறும்போதே கையில் இருக்கவேண்டிய ஒப்பந்தம் வேறு.

சிறுபடகுகளில் சங்கம் ஜெயித்ததற்கு ஒரு காரணம், படகுக்காரரும் கூலிக்காரரும் ஒரே ஊர், பெரும்பாலும் ஒரே குடும்பம். ஆழ்கடல் படகில் இப்போது ஒடிசாக்காரரும் வங்காளியும் அசாம்காரரும் ஏறுகிறார்கள். ஊர்ச் சங்கத்தில் அவர்களுக்கு இடமில்லை. படகுக்காரர் சங்கம் அவர்களுக்காகப் பேசாது. கொச்சித் துறைமுகத்தில் ஊர்ச் சங்கம், படகுக்காரர், வெளிமாநிலத் தொழிலாளர் என்ற இந்த மூன்று தரப்பையும் ஒரு மேசையில் உட்காரவைப்பது மரியநாட்டு ஏலத்தைவிடக் கடினமான வேலை. தரகரின் கடன் படகுக்காரரையும் அழுத்துவதால், அவரை அந்த மேசைக்கு அழைக்க ஒரு வழி மிச்சமிருக்கிறது.