ஜெட் படகின் நோய்: எஞ்சினிலா, பம்பிலா?

விசைப்படகு என்றதும் அதன் பின்புறத்தில் நீருக்குள் சுழலும் விசிறியே நினைவுக்கு வரும். ஜெட் படகில் அத்தகைய விசிறி வெளியே இல்லை. படகின் அடியிலுள்ள வாய்வழியே நீரை உள்ளிழுத்து, பம்பினால் அதற்கு விசையூட்டிப் பின்புறக் குழாய்வழியே பீறிட்டுப் பாயச் செய்வதே இதன் முறை. நீர் பின்னோக்கிப் பாய, படகு முன்னோக்கி விரைகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டென்னும் நியூட்டனின் விதிக்கு இஃது ஓர் எளிய சான்றாகும்.

நியூஸிலாந்தின் தென்தீவில் பனிமலைகளிலிருந்து இறங்கும் ஆறுகள் ஆழமற்றவை, கூழாங்கற்கள் நிறைந்தவை. அங்கே சாதாரண விசிறி கல்லில் மோதி உடையும். ஐரிஷ்மன் கிரீக் என்னும் ஆட்டுப்பண்ணையின் உரிமையாளரான வில்லியம் ஹாமில்டன் 1954-ஆம் ஆண்டில் அமைத்த ஜெட் படகு இக்குறையைத் தீர்த்தது. 1977-இல் எட்மண்டு ஹில்லாரி கங்கையாற்றில் கடல்முகத்திலிருந்து மேல்நோக்கிச் சென்றதும் ஜெட் படகுகளிலேதான்.

இன்று ஒருவர் இருவர் ஏறிச் செல்லும் சிறு ஜெட் படகுகள் பல நாடுகளில் உள்ளன. அவற்றைப் பழையதாக வாங்குவோரும் பலர். வாங்குவோர் முதலில் உணர வேண்டியது ஒன்றுண்டு. இப்படகுகளில் பெரும்பாலானவற்றிற்குச் சுக்கான் இல்லை; பாயும் நீரைத் திருப்பியே படகைத் திருப்ப வேண்டும். எஞ்சின் நின்றால் வேகம் மட்டுமன்று, திருப்பும் ஆற்றலும் போய்விடும். ஆகவே எஞ்சின் கோளாறு பணத்தோடு நிற்பதில்லை; உயிரையும் தொடுவதாகும்.

படகு ஓட மறுத்தால் உடனே உறுப்புகளைக் கழற்றுதல் கூடாது. நோய் எஞ்சினிலா, பம்பிலா என்பதே முதற்கேள்வி. சுற்றுமானியைப் பார்த்தால் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். எஞ்சின் வேகமாகச் சுழன்றும் படகு நகரத் தயங்கினால் குறை பம்பில் உள்ளது. நீர் இழுக்கும் வாயில் பாசியோ கயிறோ சிக்கியிருக்கலாம். பம்பினுள் சுழலும் சக்கரத்தின் இறக்கைகள் கல்பட்டுச் சிதைந்திருக்கலாம். இறக்கைக்கும் அதைச் சூழ்ந்த வளையத்திற்கும் இடையே தேய்மானத்தால் இடைவெளி மிகுந்திருக்கலாம். எஞ்சினை நிறுத்திப் பாதுகாப்புக் கயிற்றையும் கழற்றிய பின்னரே அங்கே கை வைக்க வேண்டும்.

எஞ்சினே வேகமெடுக்கவில்லையானால் குறை அதனிடத்தே இருக்கக்கூடும். புதிய வகைகளில் சூடு மிகுந்தாலோ எண்ணெய் குறைந்தாலோ மின்னணுக் கருவியே வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் உண்டு.

எஞ்சின் புறப்படவே இல்லையா? பாதுகாப்புக் கயிறு மாட்டப்பட்டுள்ளதா, பேட்டரியில் மின்சாரம் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து எரிபொருள், தீப்பொறி, அழுத்தம் ஆகிய மூன்றையும் ஆராய வேண்டும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் கெட்டு, நுண்துளைகளை அடைத்துவிடும். எல்லாச் சிலிண்டர்களின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைந்திருந்தால் உள்ளே தேய்மானமோ சேதமோ உண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் தோன்றினால் நீர் கலந்துவிட்டதென்று அறியலாம். மூடிய எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவி தங்கும். எனவே முதலில் மூடியைத் திறந்து காற்றாட விடுதல் மிக அவசியம்.

படகைத் தாங்கும் நீரே எஞ்சினுக்குப் பகையாவதும் உண்டு. கடலில் ஓடிய படகை நன்னீரால் அலசாவிட்டால் உப்பும் மணலும் குளிர்நீர்க் குழாய்களை அடைக்கும். அலசுவதிலும் ஒரு முறை உண்டு. பெரும்பாலான சிறு படகுகளில் எஞ்சினை முதலில் இயக்கி, உடனே நீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது நீரை மூடிவிட்டு, சில நொடிகளில் எஞ்சினை நிறுத்த வேண்டும். ஓடும் எஞ்சினின் புகைதான் நீரை வெளியே தள்ளுகிறது. வரிசை மாறினால் நீர் புகைக்குழாய் வழியே சிலிண்டருக்குள் ஏறிவிடும். காற்றைப்போல் நீர் அழுந்தாது. ஆகவே அந்நிலையில் வலிந்து சுழற்றினால் பிஸ்டன் தண்டு வளையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றிய பின்னரே எஞ்சினை இயக்கலாம்.

விற்பவர் கரையில் வைத்து எஞ்சினை உறுமச் செய்து காட்டுவார். பம்பில் நீரில்லாதபோது எஞ்சினுக்குச் சுமை இல்லை. அதனால் பம்பின் தேய்மானம் அங்கே தெரியாது. தகுந்த துணையுடனும் மிதவைச் சட்டையுடனும் நீரில் ஓட்டிப் பார்த்தலே உண்மையான தேர்வாகும். கரையில் உறுமுவதைக் கேட்டு விலை பேசியவர், பிறகு நடுநீரில் அதன் மௌனத்தைக் கேட்க நேரலாம்.