பால் உணவுகளில் தீய பாக்டீரியாக்களும் இயற்கைப் பதப்பொருள்களும்

பால், தயிர், பன்னீர், பால்கோவா முதலிய பால் உணவுகளில் நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்களும், உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களும் எளிதில் வளர்கின்றன. தாவரங்கள், விலங்குகள், நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் ஆகியவற்றிலிருந்து கிடைத்து இவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் இயற்கைப் பதப்பொருள்கள் எனப்படுகின்றன. இவை தூய்மை, சூடாக்கல், குளிர்வித்தல் ஆகிய மூன்றுக்கும் துணையாக நிற்பவை. அவற்றுக்கு மாற்று ஆகா.

பெரம்பலூர், அரியலூர் பகுதியில் பால்

பெரம்பலூர் மாவட்டம் 1995-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2007-ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக இயங்கி வருகிறது. இரண்டும் பெரும்பாலும் மானாவாரி வேளாண்மையை நம்பியவை. பெரம்பலூரில் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி ஆகியவையும் அரியலூரில் முந்திரி, நிலக்கடலை ஆகியவையும் முக்கியப் பயிர்கள். பயிர் வருமானம் பருவத்தில்தான் கிடைக்கும். கறவை மாடு அன்றாடச் செலவுக்குப் பணம் தரும். ஆகவே ஒரு வேளைப் பால் கெட்டாலும் சிறு குடும்பத்திற்கு அது இழப்பே.

மடியிலிருந்து வரும் பால் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். கோடை வெயிலில் அது தானாகக் குளிர்வதில்லை. இச்சூட்டில் ஈ. கோலை போன்ற பாக்டீரியா சாதகமான நிலையில் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு பாக்டீரியா 3 மணி நேரத்தில் 512 ஆகவும், 6 மணி நேரத்தில் 2,62,144 ஆகவும் பெருகிவிடும். கறந்த பால் சங்கத்திற்குச் சென்று குளிர்விப்பானில் 4 டிகிரிக்கு வரும் வரையிலான நேரமே அதன் தரத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது.

தீங்கு செய்யும் பாக்டீரியாக்கள்

ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடிவீக்க நோயுள்ள மாட்டிலிருந்தும் கறப்பவரின் கைப்புண்ணிலிருந்தும் பாலில் சேரும். பாலைக் காய்ச்சினால் இது இறந்துவிடும். ஆனால் அதற்கு முன்பே அது உண்டாக்கிய நச்சு கொதியிலும் அழிவதில்லை.

பேசில்லஸ் சீரியஸ் வித்துகளாக மாறிக் கொதிநிலையையும் தாங்கும். காய்ச்சிய பாலை வெளியே நெடுநேரம் வைத்தால் இவ்வித்துகள் முளைத்துப் பெருகும்.

லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரியிலும் மெதுவாக வளரும். கருவுற்ற பெண்களுக்கு இது மிகுந்த ஆபத்தானது.

சால்மோனெல்லா, ஈ. கோலை ஆகியவை சாணம், அசுத்தமான நீர், கழுவாத பாத்திரம் வழியாக வருகின்றன. காய்ச்சாத பாலில் புருசெல்லா, மாட்டுக் காசநோய்க் கிருமி ஆகியவையும் இருக்கக்கூடும்.

பாலிலேயே உள்ள தடுப்புப் பொருள்கள்

கன்றைக் காக்கும் பொருட்டு இயற்கையே பாலில் சில தடுப்புப் புரதங்களை வைத்துள்ளது. லாக்டோஃபெரின் என்னும் புரதம் பாக்டீரியாவுக்குத் தேவையான இரும்பைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. இது சீம்பாலில் அதிகம். லைசோசைம் என்னும் நொதி பாக்டீரியாவின் செல்சுவரைச் சிதைக்கிறது. 1922-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விவரித்த இந்நொதி, பசும்பாலில் மிகக் குறைவு. முட்டை வெண்கருவில் மிகுதி. வெண்கருவிலிருந்து பிரித்த லைசோசைம் ஐரோப்பாவில் கெட்டியான பாலாடைக்கட்டிகள் உப்பி வெடிப்பதைத் தடுக்கப் பயன்படுகிறது.

மூன்றாவது லாக்டோபெராக்சிடேஸ் என்னும் நொதி. இதைத் தூண்டி, குளிர்பதன வசதி இல்லாத இடங்களில் பாலைக் காக்கும் முறைக்குக் கோடெக்ஸ் பன்னாட்டு உணவுத்தர அமைப்பு 1991-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இம்முறையில் 30 டிகிரி வெப்பத்தில் 7 முதல் 8 மணி நேரம் வரை பால் தாங்கும். ஆனால் இதற்குத் தயோசயனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் மிகக் குறைந்த, துல்லியமான அளவில் சேர்க்கப்பட வேண்டும். பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் மட்டுமே செய்யத்தக்க இதைக் காரணம் காட்டி, பாலில் பெராக்சைடு ஊற்றுவது கலப்படமே ஆகும்.

தயிரும் நிசினும்

நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் இயற்கைப் பதப்படுத்தல் உறை ஊற்றுவதுதான். உறைமோரிலுள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. ஏறத்தாழ 6.6 ஆக இருந்த பிஎச் மதிப்பு 4.6-ஐ நெருங்கும்போது பால் தயிராக உறைகிறது. இந்தப் புளிப்பில் பல நோய்க்கிருமிகள் வளர இயலாது. ஆனால் புளிப்பு விரைவாக ஏற வேண்டும். உறை குறைவாக இருந்தாலோ பழையதாக இருந்தாலோ, புளிப்பதற்குள் தீய பாக்டீரியா முந்திக்கொள்ளும். அதனால்தான் காய்ச்சி ஆறிய பாலில், நல்ல உறையை, சுத்தமான கரண்டியால் இடுவது முக்கியம்.

இதே லாக்டிக் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்த லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் சுரக்கும் சிறு புரதம் நிசின். இதன் தடுப்பாற்றல் 1928-இல் கவனிக்கப்பட்டது. 1947-இல் இதற்கு இப்பெயர் இடப்பட்டது. 34 அமினோ அமிலங்களால் ஆன இது பாக்டீரியாவின் செல்படலத்தில் துளையிட்டு அதைக் கொல்கிறது. உண்பவரின் குடலில் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துவிடுகிறது. பதப்படுத்திய பாலாடைக்கட்டியில் கிலோவுக்கு 12.5 மில்லிகிராம் வரை சேர்க்கக் கோடெக்ஸ் இடம் தருகிறது.

நிசின் லிஸ்டீரியா, ஸ்டேஃபைலோகாக்கஸ், பேசில்லஸ் போன்ற கிராம் நேர் வகையைத் தடுக்கும். ஈ. கோலை, சால்மோனெல்லா போன்ற கிராம் எதிர் வகைக்கு வெளிப்புறத்தில் மேலும் ஒரு படலம் இருப்பதால், நிசின் தனியாக அவற்றை அணுகாது. நாட்டாமைசின் என்னும் மற்றொரு இயற்கைப் பொருள் பூஞ்சையையும் ஈஸ்ட்டையும் தடுக்கும். பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. எந்தப் பொருள் எந்த நுண்ணுயிரியைத் தடுக்கும் என்று அறியாமல் சேர்ப்பதில் பயனில்லை.

மசாலாப் பொருள்களும் இலைகளும்

கிராம்பிலுள்ள யூஜினால், ஓமத்திலுள்ள தைமால், பட்டையிலுள்ள சின்னமால்டிஹைடு, பூண்டிலுள்ள அல்லிசின் ஆகியவை ஆய்வகத்தில் பல பாக்டீரியாக்களைத் தடுக்கின்றன. ஆனால் பாலிலுள்ள கொழுப்பும் புரதமும் இவற்றின் ஆற்றலைப் பெரிதும் குறைத்துவிடும். முழுப் பயன் கிடைக்கும் அளவுக்குச் சேர்த்தால் வாயில் வைக்க முடியாத காரம் வந்துவிடும். மோரில் இடும் இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் ஆகியவை சுவைக்கும் செரிமானத்திற்கும் உகந்தவை. மோரைக் காப்பது முக்கியமாக அதன் புளிப்பே. தயிரில் பச்சையாக அரிந்து போடும் சின்ன வெங்காயம் தயிரை நீடிக்க வைப்பதில்லை. சரியாகக் கழுவாவிட்டால் மண்ணிலுள்ள வித்துகளையும் கொண்டுவரும். எனவே அதை உண்ணும் வேளையில் சேர்ப்பதே நல்லது.

நெய் உருக்கும்போது முருங்கை இலை இடுவதன் பயன் வேறு. நெய்யில் நீர் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருப்பதால் பாக்டீரியா அதில் வளராது. கொழுப்பு சிக்கு வாடை அடிப்பதையே இலையின் சத்து தாமதப்படுத்துகிறது. பால்கோவாவில் சர்க்கரையும் நீர் வற்றலும் ஓரளவு காக்கின்றன. பன்னீரில் பாதிக்கு மேல் நீர் உள்ளதால், வெளியே ஒரு நாள்கூடத் தாங்காது.

செய்ய வேண்டியவை

இயற்கைப் பொருள் எதுவும் அசுத்தமான பாலைச் சுத்தமாக்காது. ஏற்கெனவே உண்டான நச்சையும் நீக்காது. விற்பனைக்கான சாதாரணப் பாலில் எந்தப் பதப்பொருளையும் சேர்க்க இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. ஃபார்மலின், சோடா மாவு போன்றவற்றைக் கலப்பது குற்றம். வீட்டிலும் சிறு தொழிலிலும் பின்வரும் வரிசை பயன் தரும்:

- மடியையும் கைகளையும் கழுவித் துடைத்துக் கறத்தல். மடிவீக்கமுள்ள மாட்டின் பாலைத் தனியே ஒதுக்குதல்.
- வெந்நீரில் கழுவிக் காயவைத்த எவர்சில்வர் பாத்திரத்தைப் பயன்படுத்துதல்.
- கறந்த 2 மணி நேரத்திற்குள் சங்கத்தில் ஊற்றுதல் அல்லது காய்ச்சுதல். ஆலைகளில் 72 டிகிரியில் 15 வினாடி சூடாக்குகின்றனர். வீட்டில் பொங்கக் காய்ச்சினால் போதும்.
- காய்ச்சிய பாலை விரைவில் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல். அது இல்லாத வீட்டில் உடனே உறை ஊற்றித் தயிராக்குதல்.
- பன்னீர் போன்றவற்றை விற்பனைக்குச் செய்வோர், அனுமதிக்கப்பட்ட பதப்பொருளை மட்டும் குறித்த அளவில் சேர்த்து, உறையில் அதைக் குறிப்பிடுதல்.

பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரத்திலும் அரியலூர் மாவட்டம் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் உள்ளன. பால் பொருள் தயாரிப்பைத் தொழிலாகத் தொடங்க விரும்புவோர் இத்தகைய மையங்களை அணுகி முறையாகக் கற்றுக்கொள்ளலாம்.