மூன்று பன்றிகளும் ஓர் எஸ்டிமேட்டும்

ஓநாய் ஊதி ஊதி வீட்டைத் தள்ளுமே, அந்த மூன்று பன்றிக்குட்டிகள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூத்தவன் வைக்கோலில் வீடு கட்டினான். நடுவுள்ளவன் குச்சியில் கட்டினான். கடைக்குட்டி செங்கல்லில் கட்டினான். ஜோசப் ஜேக்கப்ஸ் 1890-இல் வெளியிட்ட ஆங்கில நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இந்தக் கதை இருக்கிறது. அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது: மூவரில் ஒருவரும் காசு கொடுத்து எதையும் வாங்கவில்லை! வழியில் வைக்கோல் கொண்டுவந்தவரிடம் ஒருவன் கேட்டான், முட்செடிக் குச்சி கொண்டுவந்தவரிடம் இன்னொருவன், செங்கல் கொண்டுவந்தவரிடம் மூன்றாமவன். கேட்டதுமே எல்லோரும் கொடுத்துவிட்டார்கள்.

நம் ஊரில் யாராவது ஒரு லோடு செங்கல்லைச் சும்மா தருவார்களா? அதனால் கதையைக் கொஞ்சம் மாற்றுவோம். சுவர் எழுப்ப ஆளுக்கு 30,000 ரூபாய். கூரை, தரை, அஸ்திவாரச் செலவைப் பன்றிகளின் அம்மா பார்த்துக்கொள்வார். கூலி கிடையாது, பன்றிகளே கொத்தனார், பன்றிகளே சித்தாள். வீடு கட்டும் முன் பொறியாளர்கள் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டுவார்களே, அந்த எஸ்டிமேட்டைத்தான் இன்று நாம் போடப்போகிறோம். நோட்டும் பென்சிலும் எடுங்கள்.

சுவரை அளப்போம்

வீட்டின் நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், சுவர் உயரம் 2.5 மீட்டர்.

சுற்றளவு: 4 + 3 + 4 + 3 = 14 மீட்டர்
சுவரின் பரப்பளவு: 14 × 2.5 = 35 சதுர மீட்டர்

கதவுக்கும் ஜன்னலுக்கும் செங்கல் வேண்டாம் அல்லவா? கதவு 1 × 2 = 2 சதுர மீட்டர். ஜன்னல் 1 × 1 = 1 சதுர மீட்டர். மொத்தம் 3 சதுர மீட்டர். இதைக் கழித்தால் 32 சதுர மீட்டர். இந்த எண்ணை ஒரு கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி எல்லாக் கணக்கும் இதை வைத்துத்தான்.

கடைக்குட்டிக்குப் பணம் போதவில்லை

நம் செங்கல்லின் அளவு 23 × 11 × 7 செ.மீ. சுற்றிலும் பூசும் கலவைக்கு 1 செ.மீ. சேர்த்தால் 24 × 12 × 8. செங்கல்லின் நீளம் சுவருக்குள் போகும்படி படுக்கவைத்துக் கட்டினால், வெளியே தெரியும் முகம் 12 × 8 = 96 சதுர செ.மீ. ஒரு சதுர மீட்டர் என்பது 10,000 சதுர செ.மீ. அதை 96-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 104.

32 × 104 = 3,328 செங்கல்

ஒரு செங்கல் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இது விளையாட்டு விலை. உங்கள் ஊர் விலையைச் சூளையிலோ கடையிலோ கேட்டு மாற்றிப் போடுங்கள்.) செங்கல்லுக்கு மட்டும் 33,280 ரூபாய். சிமென்டும் எம்-சாண்டும் வாங்கும் முன்பே 3,280 ரூபாய் துண்டு விழுகிறது!

வீட்டைச் சிறிதாக்கலாமா? சுவரை மெலிதாக்கலாமா? இரண்டும் வேண்டாம். இதற்கு வழி காட்டிய ஒருவர் இருந்தார். லாரி பேக்கர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-இல் பிறந்து, கேரளத்தில் குடியேறி, குறைந்த செலவில் நல்ல வீடு கட்டுவதையே வேலையாகக் கொண்டிருந்த கட்டடக் கலைஞர் அவர். ‘ராட் ட்ராப் பாண்ட்’, அதாவது எலிப்பொறிக் கட்டு என்னும் முறையைக் கேரளத்தில் பரப்பினார்.

இந்த முறையில் செங்கல்லைப் படுக்கவைக்காமல், 7 செ.மீ. பக்கம் கீழே வரும்படி நிமிர்த்தி வைப்பார்கள். சுவரின் வெளிப்பக்கம் ஒரு செங்கல், உட்பக்கம் ஒரு செங்கல். இரண்டையும் இணைக்கக் குறுக்கே ஒரு செங்கல். நடுவில் 9 செ.மீ. அகலத்துக்கு வெற்றிடம். சுவரின் பருமன் குறையவில்லை. உள்ளே காற்று நிற்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் வெயில் காலத்தில் அறைக்குள் சூடு குறையும்.

எத்தனை செங்கல் மிச்சம்? இந்தக் கட்டில் 32 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரம் கொண்ட துண்டுக்கு 3 செங்கல். 32 × 12 = 384 சதுர செ.மீ. ஒரு சதுர மீட்டரில் இப்படி 26 துண்டுகள். 26 × 3 = 78 செங்கல்.

104 எங்கே, 78 எங்கே! சரியாக நாலில் ஒரு பங்கு மிச்சம். இப்போது கடைக்குட்டியின் எஸ்டிமேட்:

செங்கல்: 32 × 78 = 2,496
உடைசலுக்கு 5 சதவீதம்: 125
மொத்தம்: 2,621 செங்கல் = 26,210 ரூபாய்
கலவைக்கு: 3,500 ரூபாய்
ஆக மொத்தம்: 29,710 ரூபாய்

கையில் 290 ரூபாய் மீதி.

ஓநாய் எவ்வளவு வேகமாக ஊத வேண்டும்?

காற்று சுவரை எவ்வளவு அழுத்தும் என்று கணக்கிடப் பொறியாளர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, 0.6-ஆல் பெருக்க வேண்டும். வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்றால் 0.6 × 50 × 50 = 1,500 நியூட்டன். ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 150 கிலோ சாய்ந்து தள்ளுவதற்குச் சமம் இது. நொடிக்கு 50 மீட்டர் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர். சென்னையில் கட்டடம் வடிவமைக்க இந்தியத் தரநிலை சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் இதுதான்.

வேகம் பாதியானால், அதாவது நொடிக்கு 25 மீட்டரானால் அழுத்தமும் பாதியாகுமா? போட்டுப் பாருங்கள். 375 நியூட்டன்தான் வரும். நாலில் ஒரு பங்கு! புயலின் வேகம் கூடும்போது சேதம் அதைவிட வேகமாகக் கூடுவதன் காரணம் இந்தப் பெருக்கலுக்குள் இருக்கிறது.

ஒரு செங்கல் ஏறக்குறைய 3 கிலோ. கடைக்குட்டியின் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 78 × 3 = 234 கிலோ. அந்தக் கனமும் கலவையின் பிடியும் சேர்ந்து நிற்கும்போது ஓநாயின் மூச்சு என்ன செய்யும்?

எது மலிவு?

மற்ற இரண்டு பேரின் கணக்கையும் பார்ப்போம். மூத்தவனின் வைக்கோல் சுவருக்கு 4,000 ரூபாய், 2 வருடம் தாங்கும். நடுவுள்ளவனின் குச்சிச் சுவருக்கு 15,000 ரூபாய், 10 வருடம் தாங்கும். கடைக்குட்டியின் சுவர் 60 வருடம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். செலவை வருடத்தால் வகுங்கள்:

வைக்கோல்: 4,000 ÷ 2 = வருடத்துக்கு 2,000 ரூபாய்
குச்சி: 15,000 ÷ 10 = 1,500 ரூபாய்
செங்கல்: 29,710 ÷ 60 = சுமார் 495 ரூபாய்

கடையில் மலிவாகத் தெரிந்த வைக்கோல், வருடக் கணக்கில் எல்லாவற்றையும் விட விலை கூடியதாகிவிட்டது. அதற்காக மூத்தவனை முட்டாள் என்று சொல்லிவிடாதீர்கள். அறுவடை வரை கதிரைக் காவல் காக்க ஒரு குடிசை போதும் என்றால், 4,000 ரூபாய் செலவழிப்பவன்தான் கெட்டிக்காரன். அங்கே செங்கல் சுவர் எழுப்பினால் பணம் வீண். வகுப்பதற்கு முன் ‘எத்தனை நாளைக்கு?’ என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி மாறினால் மலிவும் மாறும்.

அதே சுவர், பெரிய வீடு

140 செ.மீ. நூலின் இரு முனைகளையும் முடிந்துகொள்ளுங்கள். 10 செ.மீ. நூல் 1 மீட்டர் சுவர். தரையில் வைத்து வடிவங்கள் செய்து பாருங்கள்:

6 × 1 வீடு: 6 சதுர மீட்டர்
5 × 2 வீடு: 10 சதுர மீட்டர்
4 × 3 வீடு: 12 சதுர மீட்டர்
3.5 × 3.5 வீடு: 12.25 சதுர மீட்டர்
வட்ட வீடு: சுமார் 15.6 சதுர மீட்டர்

சுவர் அதே 14 மீட்டர்தான். வட்டமாகக் கட்டினால் இடம் தாராளம்! குஜராத்தின் கட்ச் பகுதியில் ‘பூங்கா’ (bhunga) என்று அழைக்கப்படும் வட்ட வீடுகள் உண்டு. மண் சுவர், புல் கூரை. மூலை இல்லாததால் நிலநடுக்கத்தின் அதிர்வு சுவர் முழுவதும் பரவும். 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில் ஏராளமான கட்டடங்கள் இடிந்தபோது இந்த வட்ட வீடுகள் பல தாக்குப்பிடித்தன.

உங்களுக்கு ஒரு கணக்கு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மரம் அரிதான மணற்குன்றுப் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே குடியேறியவர்கள் வைக்கோலை இயந்திரத்தில் அழுத்திக் கட்டுகளாக்கி, செங்கல் போல அடுக்கி, மேலே பூசி வீடு கட்டினார்கள். ஆர்தர் என்ற சிற்றூரில் 1928-இல் இப்படி எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது.

இதைக் கேள்விப்பட்ட மூத்தவன் புது எஸ்டிமேட் போடுகிறான். ஒரு கட்டின் முகம் 90 × 35 செ.மீ. விலை 100 ரூபாய். பூச்சுக்கு 6,000 ரூபாய். சுவர் அதே 32 சதுர மீட்டர். 60 வருடம் தாங்கும் என்று கொண்டால் வருடத்துக்கு என்ன செலவு? தம்பியை அவன் ஜெயித்துவிடுவானா?

விடை: 3,20,000 ÷ 3,150 = 101.6. அரைகுறைக் கட்டு விற்க மாட்டார்கள். 102 கட்டு வாங்க வேண்டும். 10,200 + 6,000 = 16,200 ரூபாய். 60-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 270. மூத்தவனே ஜெயித்தான்!